பிர்லோவுக்கு வேகமே கிடையாது, அப்புறம் எப்படி இத்தனை வருஷம் ஆடினார்? (மருமகனுக்காகக் கேட்கிறேன்)

செல்லூர்க்காரன்:

வணக்கம். இதை வீட்டில் கேட்டால் "உனக்கு வேற வேலை இல்லையா" என்பார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளிக் கால்பந்து அணியில் பத்தாம் நம்பர் போட்டு ஆடிக்கொண்டிருந்தான். பந்து காலுக்கு வந்துவிட்டால் பிடுங்கவே முடியாது, எங்கே யார் நிற்கிறான் என்று பார்த்து வைப்பான். ஆனால் ஓட்டம் மட்டும் சுத்தமாக இல்லை. ஐம்பது மீட்டர் ஓடச் சொன்னால் கோல்கீப்பர் பையனுக்கும் பின்னால்தான் வருவான். இந்த வருஷம் புதிதாக வந்த கோச் (எந்தப் பள்ளி, யார் என்பதெல்லாம் வேண்டாம்) "ஆமைக்கு எதுக்குடா மிட்ஃபீல்டு" என்று எல்லாப் பையன்களும் நிற்கும்போதே சொல்லி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு வந்தவன் பூட்ஸைத் தூக்கிப் பரண்மேல் போட்டான், இன்னும் இறக்கவில்லை. ரெண்டு வாரம் ஆச்சு.

நான் சும்மா இருக்காமல் "டேய், இத்தாலியில் பிர்லோ என்று ஒருத்தர், அவரும் உன்னை மாதிரிதான்" என்று ஆரம்பித்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் 2006 உலகக் கோப்பை அரையிறுதி. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டு மொட்டை மாடியில் டிவியைத் தூக்கி வைத்துப் பார்த்தோம், ராத்திரி பன்னிரண்டரைக்கு ஆரம்பித்த ஆட்டம், மணி மூன்றை நெருங்கிவிட்டது, பாதிப் பேர் தூங்கியாயிற்று. 119-வது நிமிஷம். ஒரு கார்னர், ஜெர்மனிக்காரர்கள் தலையால் தட்டி வெளியே அனுப்புகிறார்கள், பந்து பாக்ஸ் ஓரத்தில் பிர்லோ காலுக்கு வருகிறது. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்திருப்பேன். அந்த மனுஷன் அடிக்கவில்லை. வலது பக்கமாக ஒரு அடி, இன்னொரு அடி, இன்னொரு அடி என்று ஏதோ யோசனையில் நடந்து போகிறவர் மாதிரி பந்தை நகர்த்திக்கொண்டே போகிறார், எதிரே நாலைந்து ஜெர்மன் சட்டை அவரோடு சேர்ந்து நகர்கிறது, எல்லோரும் போதுமான அளவு நகர்ந்த பிறகு அந்தப் பக்கம் பார்க்காமலே உள்ளே ஒரு பாஸ். குரோஸ்ஸோ இடது காலால் வளைத்து விட்டார். மாடியில் இருந்தவர்கள் கத்தியதில் கீழே கட்டியிருந்த ஆடு கத்தியது.

இதை மருமகனிடம் சொன்னேன். கதை நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொண்டான். அப்புறம் ஒரு கேள்வி கேட்டான்: "அது ஜெயிச்சதுக்கு அப்புறம் மாமா. அவரையும் யாராவது பெஞ்சில் உட்கார வைத்தார்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் இங்கே வந்தேன். அவர் ஆரம்பத்திலிருந்தே பின்னால் நின்று ஆடியவரா? நிஜமாகவே ஓடாமல்தான் ஆடினாரா? முக்கியமாக, இந்தப் பையனுக்கு அவரைக் காட்டுவது சரியா, இல்லை நான் ஆசை காட்டி மோசம் செய்கிறேனா?


ஒத்தக்கடை பேக்:

தம்பி, மருமகன் கேட்டதுதான் சரியான கேள்வி. அவனிடம் சொல்லுங்கள்: உட்கார வைத்தார்கள். ஒரு தடவை இல்லை.

பிர்லோ 1979-ல் பிரெசியா நகரத்தை ஒட்டிய ஃபிளேரோ என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். பிரெசியா அணிக்காக 1995 மே மாதம் இத்தாலியின் முதல் டிவிஷனில், அதாவது சீரி ஏ-யில் இறங்கும்போது வயது பதினாறு. உங்கள் பையனைவிட ஒரு வயசு கூட. அப்போது அவரும் பத்தாம் நம்பர் வேலைதான், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று கோல் போடக் கொடுக்கிற வேலை. பிரெசியா அந்த வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறங்கி, 1997-ல் அதை ஜெயித்து மேலே வந்தது. 1998-ல் இன்டர் மிலான் வாங்கிக்கொண்டது. ஊரே கொண்டாடியிருக்கும், ஆனால் அங்கே போய்தான் மாட்டிக்கொண்டார். அதே இடத்தில் ஆடுவதற்கு பாஜியோ இருக்கிறார், ஜோர்கேஃப் இருக்கிறார், முன்னால் பிரேசிலின் ரொனால்டோ. அந்த ஒரே சீசனில் இன்டருக்கு நாலு கோச் மாறினார்கள், அணி எட்டாவது இடத்தில் முடித்தது. அப்படிப்பட்ட வீட்டில் பத்தொன்பது வயசுப் பையனை யார் கவனிப்பார்கள்? அடுத்த வருஷம் ரெஜினா என்கிற அணிக்கு இரவல். இரவல் என்றால் நிஜமாகவே இரவல், நம்ம வீட்டு இட்லிக் குண்டானைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது மாதிரி. அங்கே நன்றாக ஆடித் திரும்பி வந்தால் மறுபடியும் இடம் இல்லை.

இத்தனைக்கும் 2000-ல் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையை இத்தாலி ஜெயித்தபோது இறுதி ஆட்டத்தில் ரெண்டு கோலும் அவருடையது, அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். அப்படியும் கிளப்பில் பெஞ்சு. இதை மருமகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

2001 ஜனவரியில் மறுபடியும் இரவல், இந்தத் தடவை சொந்த ஊரான பிரெசியாவுக்கே. அங்கே கோச் கார்லோ மட்ஸோனே, பழைய காலத்து மனுஷர். அவருக்கும் ஒரு சிக்கல், பத்தாம் நம்பர் இடத்தில் பாஜியோ உட்கார்ந்திருக்கிறார் (ஆமாம், அதே பாஜியோ, அவரும் இன்டரிலிருந்து அங்கே வந்துவிட்டார்). திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது எழுந்திரிங்க என்றா சொல்ல முடியும்? அதனால் பிர்லோவை இருபது இருபத்தைந்து கஜம் பின்னால் தள்ளி, தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நிற்க வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. பிர்லோவின் மொத்த வாழ்க்கையும் அந்த இருபத்தைந்து கஜத்தில் இருக்கிறது.

ஏன் என்றால், முன்னால் நிற்கிறவன் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்து வாங்க வேண்டும், வாங்கினவுடன் பின்னால் ஒருத்தன் இடிப்பான், அவனைத் தாண்டத் திரும்பி ஓட வேண்டும். அங்கே வேகம் இல்லாவிட்டால் செத்தான். பின்னால் போய்விட்டால் ஆட்டம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால். மாட்டுத்தாவணியில் கூட்டத்துக்குள் பஸ்ஸைத் துரத்துகிறவனுக்கும், ஆபீஸில் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் கிளம்பும் என்று பார்க்கிற டைம்கீப்பருக்கும் உள்ள வித்தியாசம். டைம்கீப்பர் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா?

அந்த அரை சீசனில் ஒரு பாஸ் இருக்கிறது, தேடிப் பாருங்கள். 2001 ஏப்ரல் 1, டூரினில் யுவென்டஸுக்கு எதிரான ஆட்டம், முடிய நாலைந்து நிமிஷம் இருக்கிறது, பிரெசியா ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. நடுக்களத்திலிருந்து பிர்லோ தூக்கிப் போடுகிறார், பந்து பாஜியோவின் தோளுக்கு மேலே பின்னாலிருந்து வந்து இறங்குகிறது, பாஜியோ அதை ஒரே தொடுதலில் கோல்கீப்பர் வான் டெர் சாரைச் சுற்றிக் கொண்டுபோய் உள்ளே தட்டுகிறார். எல்லோரும் பாஜியோவின் தொடுதலைத்தான் பேசுவார்கள், பேசட்டும். அந்தப் பந்து அங்கே வந்து இறங்கியதை நான் இருபது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷமே இன்டர் அவரை ஏசி மிலானுக்கு விற்றது, சுமார் 3,500 கோடி லிராவுக்கு. ரொம்பப் பெரிய தொகையாகத் தெரியும், லிரா கணக்கு அப்படி, யூரோவில் 1.8 கோடி வரும். அதே ஊரில் ஒரே ஸ்டேடியத்தைப் பங்கு போட்டுக்கொள்கிற எதிர் அணிக்கு! அதோடு விட்டார்களா, அடுத்த வருஷம் சீடோர்ஃபையும் அதே மிலானுக்கே கொடுத்தார்கள். இன்டர் ரசிகர்களிடம் இதைப் பேசாதீர்கள், பாவம்.

மிலானில் கோச்சாக ஆன்செலோட்டி வந்த பிறகு, 'என்னைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள்' என்று பிர்லோதான் போய்க் கேட்டார், எனக்கே முதலில் நம்பிக்கை இல்லை என்று ஆன்செலோட்டி பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த இடத்துக்கு இத்தாலியர்கள் வைத்திருக்கிற பேர் ரெஜிஸ்தா. அவர்கள் மொழியில் சினிமா டைரக்டருக்கும் அதே சொல்தான். நடிக்கிறவர் முன்னால், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறவர் பின்னால்.


கீழவாசல் கத்தூசோ:

அண்ணே எழுதியது எல்லாம் சரி, ஒரு ஆளை மறந்துட்டீங்க. டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது லைட்டைத் தூக்கினது யாரு? ஜென்னாரோ கத்தூசோ. இவர் நடந்த ஒவ்வொரு அடிக்கும் அவர் பத்து அடி ஓடினார். எதிராளி பந்தோடு பிர்லோ பக்கம் திரும்பினால் அதற்குள் கத்தூசோ போய்க் கணுக்காலில் இருப்பார். 2003-லும் 2007-லும் மிலான் ஐரோப்பிய சாம்பியன், ரெண்டிலும் இந்த ஜோடி, 2006 உலகக் கோப்பையிலும் இதே ஜோடி. அப்புறம் யுவென்டஸ் போனால் அங்கே விடால், மார்கிசியோ, கொஞ்சம் கழித்து போக்பா. பிர்லோவுக்கு எப்போதும் ரெண்டு பக்கமும் குதிரை கட்டியிருந்தது.

செல்லூர் பங்காளி, உங்க மருமகன் அணியில் அந்தக் குதிரை இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லாம அவனை மட்டும் நடுவில் நிறுத்தினா அடுத்த ஆட்டத்தில் ஆறு கோல் வாங்குவாங்க, கோச் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்.


செல்லூர்க்காரன்:

ஒத்தக்கடை அண்ணே, ரொம்ப நன்றி, முழுக்க அவனுக்கு வாசித்துக் காட்டினேன். இருபத்தொரு வயசில் கோப்பையே ஜெயித்தும் பெஞ்சு என்ற இடத்தில் "ம்ம்" என்றான். ரெண்டு வாரத்தில் அவன் வாயிலிருந்து வந்த நீளமான பதில் அதுதான்.

கீழவாசல் பங்காளி சொன்னது வயிற்றைக் கலக்குகிறது. அவன் அணியில் ஓடுகிற பையன்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் பந்து நிற்காது. அது குதிரைக் கணக்கில் சேருமா?


கீழவாசல் கத்தூசோ:

கத்தூசோ காலிலும் பந்து நிக்காதுங்க :) சேரும்.


அனுப்பானடி அரைப்பரிட்சை:

ஓடாமல் ஆடினார் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேகமாக ஓடாதவர் வேறு, ஓடாதவர் வேறு. ஆட்டத்தை முழுசாகக் காட்டுகிற கேமராவில் பாருங்கள், மனுஷன் நிற்கவே மாட்டார், அஞ்சு மீட்டர் இந்தப் பக்கம், மூணு மீட்டர் அந்தப் பக்கம், எப்போதும் யாரோ ஒருவர் பந்து கொடுக்கக்கூடிய இடத்தில் இருந்துகொண்டே இருப்பார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நடக்கிறவர் ஓடுகிறாரா என்ன, ஆனால் உங்கள் இலை காலியாகும்போது பக்கத்தில் இருப்பார்.

அவரை நிறுத்துவதற்கு என்ன வழி என்றும் ஒருத்தர் கண்டுபிடித்தார். 2010 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் கோச் ஃபெர்குசன், பார்க் ஜி-சுங்கைக் கூப்பிட்டு பிர்லோ எங்கே போனாலும் கூடவே போ என்று விட்டுவிட்டார். பார்க் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார், மிலானோடு ஆடிய ரெண்டு சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் ரெண்டாவதை யுனைடெட் 4-0 என்று ஜெயித்தது. பிர்லோ பின்னாளில் தன் சுயசரிதையிலேயே அதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். ஆக மருமகனுக்கு இதுவும் தெரியட்டும், மூச்சு முட்ட ஓடுகிற ஒருத்தன் கூடவே வந்தால் இந்த ஆட்டம் செல்லாது. அப்போது பக்கத்தில் இருக்கிறவனுக்கு இடம் திறக்கும், அதைப் பயன்படுத்தக் கூட்டாளிக்குத் தெரிய வேண்டும்.


வைகை மணல்:

நடுவில் ஒரு சொந்தக் கதை சொல்லிக்கொள்கிறேன், மன்னிக்கவும். 2012 ஐரோப்பியக் கோப்பை காலிறுதி, இத்தாலி இங்கிலாந்து. அந்த வருஷம் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவு தாண்டி ஆரம்பித்த ஆட்டம், 120 நிமிஷம் கோலே இல்லை, பெனால்டி. இத்தாலியின் ரெண்டாவது ஆள் மொன்டோலிவோ வெளியே அடித்தார், அடுத்து ரூனி உள்ளே போட்டார், இங்கிலாந்து முன்னால் இருக்கிறது, பிர்லோ பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருகிறார். கரண்ட் போச்சு.

இருட்டில் நானும் எங்கள் அண்ணனும். அண்ணன் தீர்மானமாகச் சொன்னான், "முடிஞ்சுதுடா, வயசாயிருச்சு அவனுக்கு." மறுநாள் காலையில் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கித்தான் இத்தாலி ஜெயித்ததே தெரியும். அந்த பெனால்டியைக் கடைசியில் நெட் சென்டரில் போய்ப் பார்த்தேன். கோல்கீப்பர் ஜோ ஹார்ட் கோட்டில் நின்று நாக்கை நீட்டி, கையை ஆட்டி என்னென்னவோ சேட்டை செய்கிறார். பிர்லோ ஓடி வந்து, ஓங்கி அடிக்கப் போகிறவர் மாதிரி வந்து, பந்துக்கு அடியில் மெதுவாக ஒரு கிண்டு. ஹார்ட் ஒரு பக்கம் பாய்ந்து விழுந்தாயிற்று, பந்து நடுவில் ஆற அமர மிதந்து போய் உள்ளே இறங்குகிறது. 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பனென்கா என்கிற செக்கோஸ்லோவாக்கியா ஆட்டக்காரர் செய்த வேலை அது, அதனால் இன்றைக்கும் அவர் பேர்தான். அடுத்து வந்த ஆஷ்லி யங் மேல் கம்பத்தில் அடித்தார், அதற்கடுத்த கோலை இத்தாலி கீப்பர் புஃபான் பிடித்தார்.

அதற்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் இஸ்தான்புல்லில், 3-0 முன்னிலையிலிருந்து மிலான் கோட்டைவிட்ட அந்தச் சாம்பியன்ஸ் லீக் இறுதியில், இதே ஆள் அடித்த பெனால்டியை லிவர்பூல் கீப்பர் துடெக் தடுத்திருக்கிறார். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இப்படி ஒன்றை அடிக்க என்ன தைரியம் வேண்டும்? எங்கள் அண்ணன் இன்றுவரை அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசமாட்டான்.

(பி.கு. மேலே "கோலை புஃபான் பிடித்தார்" என்று எழுதிவிட்டேன், பெனால்டியை என்று படிக்கவும். ஆஷ்லி கோல் என்கிற இன்னொரு இங்கிலாந்துக்காரர் அடித்தது.)


ஒத்தக்கடை பேக்:

மணல் தம்பி, நீங்கள் பிழை என்று நினைத்தது பிழையே இல்லை போலிருக்கிறதே, கோலைப் பிடித்தார், கோல் அடித்ததைப் பிடித்தார், ரெண்டும் சரிதான் :)

வயசாயிருச்சு என்று சொன்னது உங்கள் அண்ணன் மட்டும் இல்லை. 2011-ல் மிலானே அதைத்தான் நினைத்தது. அந்த சீசனில் அடிக்கடி காயம், கோச் அலெக்ரி அந்த இடத்தில் வான் பொம்மல் மாதிரி முரட்டு ஆட்களை நிறுத்த ஆரம்பித்தார், முப்பது தாண்டியவர்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான் என்பது கிளப்பின் வழக்கம். பத்து வருஷம் இருந்த வீட்டிலிருந்து கிளம்பினார். யுவென்டஸ் ஒரு பைசா விலை கொடுக்காமல் எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ரெண்டு சீசனிலும் ஏழாவது இடத்தில் முடித்த அணி அது. பிர்லோ போன முதல் சீசனில், கோன்டே கோச்சாக, லீகில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம். அவர் அங்கே இருந்தது நாலு வருஷம், நாலிலும் பட்டம். முப்பத்தாறு வயதில் 2015 சாம்பியன்ஸ் லீக் இறுதி, பெர்லினில், ஒன்பது வருஷம் முன்னால் உலகக் கோப்பையைத் தூக்கிய அதே ஸ்டேடியம். பார்சிலோனாவிடம் 3-1 தோல்வி. ஆட்டம் முடிந்ததும் அழுதார். அவர் முகத்தில் எதுவுமே தெரியாது என்பார்கள், அன்றைக்குத் தெரிந்தது.


புதூர் ஃப்ரீகிக்:

ஃப்ரீ கிக் பற்றி யாரும் எழுதவில்லையே! சீரி ஏ-யில் ஃப்ரீ கிக்கில் மட்டும் 26 கோல், மேலே இருக்கிறவர் 28 போட்ட மிஹாய்லோவிச் ஒருத்தர்தான். இத்தாலிக்காக நூறாவது ஆட்டம், 2013, மரக்கானாவில் மெக்சிகோவுக்கு எதிராக, அதிலும் ஒரு ஃப்ரீ கிக் கோல். ஆசாமி விசேஷ நாளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பார்.

அது தானாக வந்ததும் இல்லை. பிரேசிலின் ஜுனினியோ அடிக்கிற பந்து சுழலாமல் போய்க் கடைசியில் குலுங்கி இறங்கும், அது எப்படி என்று இவருக்குப் புரியவில்லை. வீடியோ, படம் எல்லாம் பார்த்துப் பார்த்து மாசக்கணக்கில் பயிற்சி மைதானத்தில் வேலிக்கு வெளியே அடித்துக்கொண்டிருந்தார். எங்கே அடிக்க வேண்டும் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, காலின் எந்தப் பாகம் படுகிறது என்பதுதான் ரகசியம் என்று ஒரு நாள் உறைத்தது. முன் மூன்று விரல்கள் மட்டும், பந்துக்கு அடியில். அந்த யோசனை எங்கே உட்கார்ந்திருக்கும்போது வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். காலையில் எல்லோரும் உட்காருகிற இடம்தான். சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்கள் இருப்பீர்கள், இதோடு விடுகிறேன்.

நானும் புதூரில் தெருப்பையன்களோடு மூணு விரல் முயற்சி செய்தேன். நகம் போச்சு.


திருநகர் பி.டி. டீச்சர்:

செல்லூர்த் தம்பி, நான் பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்தக் கோச் பேசிய விதம் தப்பு. பிள்ளையை அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் பையனைப் பத்தாம் நம்பரிலிருந்து எடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். மட்ஸோனேயும் அதைத்தானே செய்தார்? எடுத்தவர் வேறு இடத்தில் வைத்தார், இவர் பெஞ்சில் வைத்துவிட்டார்.

பிர்லோ படத்தை எத்தனை தடவை காட்டினாலும் பையன்கள் பார்ப்பது அந்த நீளமான பாஸை. நான் பார்க்கச் சொல்வது பந்து அவர் காலுக்கு வருவதற்கு முந்தின ரெண்டு விநாடியை. தலை திரும்பும். இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. பந்து வந்து சேரும்போது அடுத்து எங்கே போக வேண்டும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும், அதனால்தான் அவசரப்படாமல் ஆடுவது மாதிரி நமக்குத் தோன்றுகிறது. காலில் வேகம் இல்லாதவன் கழுத்தில் வேகம் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் செய்வது இது. ஒருத்தி பந்து வாங்க நிற்பாள், இன்னொருத்தி பத்தடி தள்ளி அவள் முதுகுப் பக்கம் நிற்பாள், கையில் சிவப்புத் துணி ஒன்று, மஞ்சள் துணி ஒன்று. நான் பந்தை உதைத்த பிறகுதான் அவள் ஒரு துணியைத் தூக்குவாள். வாங்குகிறவள் பந்தைத் தொடுவதற்கு முன் என்ன நிறம் என்று கத்த வேண்டும். முதல் வாரம் ஒருத்திக்கும் வராது, பந்து முட்டியில் படும், சிரிப்பார்கள். மூணாவது வாரத்தில் தலை தானாகத் திரும்ப ஆரம்பிக்கும். துணி இல்லையென்றால் பையனை வாசலில் நிற்க வைத்து, பின்னால் போகிற வண்டி ஆட்டோவா ஷேர் ஆட்டோவா என்று சொல்லச் சொல்லுங்கள்.

அதோடு காலை ஓட்டத்தையும் விட வேண்டாம். மெதுவாக ஓடினாலும் எழுபது நிமிஷம் நிற்காமல் இருக்க வேண்டும் இல்லையா. இதைச் சொல்லாமல் பிர்லோ கதை மட்டும் சொன்னால் நீங்கள் கேட்ட மாதிரி மோசம் செய்ததுதான் ஆகும்.


கீழவாசல் கத்தூசோ:

டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். கடைசியா ஒரு குத்து குத்திக்கிறேன்: கோச்சா மாறினப்போ பிர்லோ பாடு திண்டாட்டம்தான். 2020-ல் யுவென்டஸ் இருபத்துமூணு வயசுக்குக் கீழே உள்ள அணிக்குக் கோச்சுன்னு எடுத்தாங்க, ஒன்பதே நாளில் பெரிய அணிக்கே தூக்கி வெச்சாங்க. தொடர்ச்சியா ஒன்பது பட்டம் வாங்கின அணி அந்த வருஷம் நாலாவது. இத்தாலியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், அப்படியும் ஒரு சீசனோட அனுப்பிட்டாங்க. பார்க்கத் தெரிஞ்சவருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரியும்னு இல்லை. இதுக்கு நம்ம மாட்டராஸ்ஸி தேவலை, அதே 2006 அணி, பெர்லின் இறுதியில் பிர்லோ அடிச்ச கார்னரைத் தலையால் கோலாக்கினவர், சென்னைக்கு வந்து கோச்சா 2015 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையையே தூக்கிட்டார்.


செல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை அவனே என் போனை வாங்கி ரெண்டு தடவை படித்தான். சனிக்கிழமை பூட்ஸ் பரணிலிருந்து இறங்கியது, ஒரு பூட்ஸுக்குள் பல்லி முட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றுக்குள் நாலு பேருக்கு நாலு பேர் ஆடினார்கள், நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். அவனாகவே பின்னால் போய் நின்றுகொண்டான், நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பாஸ் நேராகப் போய் மேய்ந்துகொண்டிருந்த எருமைமேல் பட்டது. ரெண்டாவது நன்றாகத்தான் போட்டான், அந்தப் பக்கம் இருந்த பையன் ஓடவில்லை. அதுவரை மைதானத்தில் வாயே திறக்காத பையன் "ஏண்டா, நான் பார்த்தேன், நீ பார்க்கலையா" என்று சண்டைக்குப் போனான்.

நேற்று ராத்திரி அக்கா போன் செய்தாள். சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறானாம். கழுத்துச் சுளுக்கா, இல்லை எதையும் பார்த்துப் பயந்துட்டானா, பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் தெளித்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறாள். என்ன சொல்ல?